கேரியரில் விட்டு வந்த பேனர்

எங்கள் தெருவில் பேனர் இல்லாமல் யாருக்கும் வயது ஏறாது. சென்னை அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் நாங்கள் இருக்கிற தெரு முனையில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதற்கு எதிரே மாவு மில்லின் சுவர். நடுவில் இரண்டு சவுக்குக் கம்புகள் எப்போதும் நட்டபடியே நிற்கும். ஒரு பேனரைக் கழற்றிய அன்றே அடுத்தது ஏறிவிடும். முதல் வயதுக் குழந்தை, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அந்த இரண்டு கம்புகளுக்கு நடுவில்தான். பிறந்தநாள் என்றால் கூலிங் கிளாஸ் போட்ட ஆள் ஒருவன், அவன் தலைக்குப் பின்னால் சிங்கமோ கழுகோ, கீழே 'இவண்' என்று போட்டு வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். அந்த வரிசையில் முகம் விட்டுப்போனவன் குறைந்தது ஒரு வாரம் பேசமாட்டான். அப்படிப் பேச்சு நின்று கலைந்துபோன ஒரு கிரிக்கெட் டீமே எங்கள் ஏரியாவில் உண்டு.

அந்தப் பேனர்களை அடிப்பவன் என் நண்பன். ஒன்பதாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். அதற்கு மேல் போதும் என்று அவன் வீட்டிலும் முடிவு செய்தார்கள், அவனும் முடிவு செய்தான். ஒரு பிளெக்ஸ் கடையில் சேர்ந்து மெஷினைத் துடைத்தான், பிறகு மெஷினை ஓட்டினான், கடைசியில் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சொந்தக் கடையே போட்டுவிட்டான். டிசைன் அவன், அச்சு அவன். பிழை பார்ப்பது மட்டும் நான். அச்சுக்குப் போகும் முன் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவான். "மச்சான், ஒரு தபா பார்த்து சொல்லு" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். மீட்டிங்கில் இருந்தாலும் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதனால் எங்கள் ஏரியாவில் யார் வயசுக்கு வந்தாலும், யார் காலமானாலும், முதலில் படிப்பவன் நான்தான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆளும் நான்தான். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறார். இன்ஜினியரிங் முடித்து நான் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்த பிறகு வந்த இருபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு நண்பன் பன்னிரண்டடி அகலத்தில் ஒன்று ஏற்றினான். 'எங்கள் தெருவின் முதல் இன்ஜினியரே' என்று தங்க எழுத்து. என் பெயரைவிடப் பெரிதாக அதற்குப் பின்னால் 'பி.இ.' அப்பா டூட்டி முடிந்து வரும்போது அதன் கீழே சைக்கிளை நிறுத்திக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு, "இன்னா எழுதிக்கீது, படிச்சு சொல்லு நைனா" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நாலாவது ஆள் படித்துச் சொன்னபோதும் முதல் முறை கேட்பவர் மாதிரியே கேட்டார் என்று அம்மா சொன்னாள்.

எங்கள் கம்பெனி வேன் அந்த முனையில்தான் திரும்பும். அன்று சாயங்காலமே நண்பனிடம் போய், "கழட்டிடுடா, ஆபீஸ்காரங்க பார்த்தா ஒரு மாதிரி இருக்கும்" என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறி அவனே அவிழ்த்தான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் எனக்கு அவன் பேனர் அடிக்கவே இல்லை. அது முடிந்துபோன விஷயம் என்று நானும் இருந்துவிட்டேன்.

முப்பதாவது பிறந்தநாளுக்கு வெளிநாடு போகலாம் என்ற யோசனை இன்னொரு நண்பனுடையது. இவன் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறான். எப்போதோ வளைகுடாப் பக்கம் வேலைக்கு என்று எடுத்த பாஸ்போர்ட் இவனிடம் இருந்தது. வேலை வரவில்லை, பாஸ்போர்ட் மட்டும் பீரோவில் கிடந்தது. "அதுல ஒரு சீலாவது குத்தணும் மாமே. வெள்ளையாவே கீது, பார்த்தா பாவமா கீது" என்பான். பிளெக்ஸ்காரன் அதற்காகவே புதிதாகப் பாஸ்போர்ட் எடுத்தான். இடம் கோலாலம்பூர், மூன்று ராத்திரி. என் பிறந்தநாள் இரண்டாவது நாள் விழுகிற மாதிரி டிக்கெட் போட்டோம்.

நாலாவது ஆள் தானாக வந்து சேர்ந்தார். என் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், கொரட்டூரில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு பிளாட்டில் இருக்கிறார். நான் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நானும் வரட்டுங்களா? இங்க எனக்கு ஆபீஸ விட்டா யாருங்க இருக்காங்க" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. ஆறு வருடமாக அவரிடம் என் தெருவைப் பற்றிப் பேசியதெல்லாம் நானே பொறுக்கி எடுத்துச் சொன்னவை. ஏரி, ரயில், அப்பாவின் சைக்கிள். டிரான்ஸ்பார்மர் முனையைப் பற்றிச் சொன்னதில்லை.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்கு வாடகைக் கார் வந்தது. பிளெக்ஸ்காரன் ஒரு கையில் பெட்டியும், தோளில் நாலடி நீள பி.வி.சி. பைப்புமாக வந்தான். வீட்டுக்குத் தண்ணீர் லைன் போடுகிற அதே சாம்பல் நிறப் பைப், இரண்டு பக்கமும் மூடி.

"இன்னாடா இது?" என்றேன்.

"இன்னான்னா? பேனர். உன்னிது."

"ஏர்போர்ட்டுக்கா?"

"பாரின்ல ஏத்தறோம் மச்சான். முப்பதுக்கு பேனர் இல்லாம எப்டி. மடிச்சா கோடு உழுந்துடும், அதான் பைப்ல சுருட்டி வச்சிகீறேன். நீ ஒண்ணும் பார்க்காத, சர்ப்ரைஸ்."

இந்த ஒரு பேனரை மட்டும் அவன் எனக்குப் பிழை பார்க்க அனுப்பவில்லை. உள்ளே என்ன சிங்கம் இருக்கிறதோ, என்ன பட்டம் போட்டிருக்கிறானோ. கோயம்புத்தூர்க்காரர் ஆவலாகப் பைப்பைத் தட்டிப் பார்த்தார். நாலு பேர், நாலு பெட்டி, காருக்குள் இடமில்லை. பிளெக்ஸ்காரன் கார் மேல் கேரியரில் பைப்பை வைத்து, மஞ்சள் நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டினான். தெருவில் பேனர் கட்டும்போது போடுவானே, காற்றுக்கும் அசையாத முடிச்சு, அதே முடிச்சு.

பைபாஸில் போகும் வழியெல்லாம் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் ஒரு பெரிய சாலை, நடுவில் நான் கூலிங் கிளாஸோடு, பக்கத்தில் ஆபீஸ்காரர் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுகிறார்.

புறப்பாட்டு வாசலில் கார் நின்றதும் பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவசரமாக டிக்கியைத் திறந்து பெட்டிகளை இறக்கினோம். பிளெக்ஸ்காரனுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பாஸ்போர்ட் வைத்த பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவையே பார்த்தபடி நின்றான். நான் டிக்கியை மூடிவிட்டு நிமிர்ந்தேன். பைப் கண்ணுக்கு நேரே இருந்தது. மஞ்சள் கயிறு, அவன் போட்ட முடிச்சு. இரண்டு மூன்று நொடி பார்த்திருப்பேன். பிறகு டிரைவரிடம், "கிளம்பலாம்ணா" என்றேன்.

கார் போய்விட்டது.

பெட்டி போடுகிற வரிசையில் நின்று எங்கள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவனுக்கு உறைத்தது. "மச்சான். பைப்பு" என்றான். முகம் வெளுத்துவிட்டது. டிரைவருக்குப் போன் போட்டோம். அவர் குரோம்பேட்டை தாண்டிவிட்டார், அடுத்த சவாரியும் ஏறியாயிற்று. சாயங்காலம் அம்பத்தூர் வரும்போது கடையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"பாஸ்போர்ட்ட கைப்புள்ள மாதிரி தூக்கிகினு வந்த. பெத்த புள்ளய கார் மேல உட்டுட்டியே மாமே" என்றான் லேத்துக்காரன்.

பிளெக்ஸ்காரன் சிரிக்கவில்லை. "நான்தான கட்னேன். நான்தான அவுத்திருக்கணும்" என்றான். "பதினஞ்சு வருசமா கட்றேன், ஒரு பேனர் இதுவரைக்கும் கை தவறிப் போனதில்ல. என் புத்திய செருப்பால அடிக்கணும்."

"பரவால்லடா, பேனர் இல்லன்னா என்ன" என்றேன் நான். அவன் தோளில் கையும் போட்டேன். இப்போது எழுதும்போதுகூட அந்தக் கை எனக்குக் கூசுகிறது.

விமானத்தில் ஜன்னல் இருக்கை அவனுக்குக் கொடுத்தோம். மேகம் வந்தது, கடல் வந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அந்த டிரைவரு கயித்த அறுத்துடுவாரா, அவுப்பாரா?" என்று கேட்டான்.

நாங்கள் தங்கிய இடம் தமிழர்கள் கடை வைத்திருக்கிற பகுதி. சாயங்காலம் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனோம். பரிமாறியவர் தமிழ், கல்லாவில் இருந்தவர் தமிழ், எதிர்க் கடையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா தமிழ். லேத்துக்காரன் சுற்றும் முற்றும் பார்த்தான். "நாலு மணி நேரம் வானத்துல சுத்திட்டு நம்மூரு குமணன்சாவடில எறக்கி உட்டுட்டாங்களா மாமே? சீல நல்லா பாரு, ஒரிஜினல் சீலுதானா" என்றான். பரிமாறியவர் வரைக்கும் சிரித்தார். பிளெக்ஸ்காரன் மட்டும் ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

கை கழுவப் போன இடத்தில் கோயம்புத்தூர்க்காரர் என் பக்கத்துக் குழாயில் நின்றார்.

"பாவங்க அவரு. ஒண்ணுமே சாப்பிடலீங்க."

"ஆமா."

"நானும் பார்த்தனுங்க" என்றார். குழாயை மூடினார். "பைப் மேலதான் இருந்துச்சு. நீங்க அண்ணாந்து பார்த்தீங்க, அப்ப எடுத்துருவீங்கன்னு நெனச்சு நான் டிராலி கொண்டாரப் போயிட்டேன். திரும்பி வந்தா கார் இல்லீங்க. எப்படி விட்டுப்போச்சுன்னுதான் எனக்குப் புரியலைங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டே, "மறந்துட்டேங்க" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய். காலையில் எழுந்ததும் பிளெக்ஸ்காரனிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் படுத்தேன்.

காலையில் அவன்தான் என்னை எழுப்பினான். குளித்து, தலைவாரி, சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தான். "பொறந்தநாள் வாழ்த்து மச்சான். எந்திரி, ஒரு வேலை கீது. பைல் போன்ல கீது. மெஷின் மட்டும்தான் இல்ல. இந்த ஊர்ல ஒரு மெஷின் கூடவா இருக்காது? எனக்கு இங்கிலீஷ் வராது, நீ வந்து பேசு."

போய்த்தான் ஆக வேண்டும். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவன் என்னை விட்டு இரண்டடி முன்னால் நடந்துகொண்டே இருந்தான். கூகுள் காட்டிய முதல் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது கடையில் விசிட்டிங் கார்டு மட்டும்தான் அடிப்பார்களாம். மூன்றாவதைத் தேடி ஒரு பழைய மாடிக்கட்டிட வரிசையில் போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றான். மூக்கைத் தூக்கினான்.

"மை வாசனை அடிக்குது."

எனக்கு வறுத்த மீன் வாசனை மட்டும்தான் தெரிந்தது. அவன் என் கையிலிருந்த போனை வாங்கி என் பாக்கெட்டிலேயே போட்டுவிட்டு, ஒரு சந்தில் திரும்பினான், ஒரு மாடிப்படி ஏறினான், கதவைத் தள்ளினான். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் அம்மா வயதில் ஒரு சீனப் பெண்மணிதான் கடைக்காரர். எட்டடிக்கு நாலடி பேனர், உடனே வேண்டும் என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். "கேன், கேன்" என்றார், முடியும் என்பதற்கு. பிளெக்ஸ்காரன் அதற்குள் மெஷின் பக்கம் போய்விட்டான். விமான நிலையத்தில் படிவத்தை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், இங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டாக்டர் மாதிரி மெஷினைச் சுற்றி வந்தான்.

"நம்ம கடைல கீதே, அதுக்கு அக்கா இது, மச்சான்" என்றான். பிறகு குனிந்து, ஓடிக்கொண்டிருந்த அச்சைப் பார்த்து, "அவங்கள்ட்ட சொல்லு, நீலம் சரியா எறங்கல. கோடு உழுது பாரு" என்றான்.

நான் மொழிபெயர்க்க வார்த்தை தேடுவதற்குள் அவனே நீலத்தைத் தொட்டு, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மெஷினை நிறுத்தினார். இருவரும் சேர்ந்து எதையோ கழற்றித் துடைத்து மாட்டினார்கள். மறுபடி ஓடியபோது கோடு இல்லை. அவர் அவனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நேற்றுக் காலைக்குப் பிறகு அவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

போனிலிருந்து பைலை அனுப்பினான். கம்ப்யூட்டர் திரையில் அது மெல்ல மேலிருந்து கீழாகத் திறந்தது.

வெள்ளைப் பின்னணி. நடுவில் நான். கொரட்டூர் ஏரிக்கரையில் அவனே எப்போதோ எடுத்த போட்டோ, நீலச் சட்டை, கூலிங் கிளாஸ் இல்லை. பக்கத்தில் சின்னதாக '30'. அதன் கீழே 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்'. அவ்வளவுதான். சிங்கம் இல்லை, கிரீடம் இல்லை, பி.இ. இல்லை. ஆபீஸ் சுவரில் மாட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்கு அடக்கமாக இருந்தது. கீழே முகங்கள் வரிசையாக வருகிற இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. 'இவண்' என்றுகூட இல்லை.

"உன் போட்டோ எங்கடா?" என்றேன்.

"உன் ஆபீஸ்காரரு வர்றாருல்ல. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புவாரு. நம்ம மூஞ்சிங்கல்லாம் எதுக்குன்னு உட்டுட்டேன்." திரையைப் பார்த்தபடியே சொன்னான். "போன தபா நீ கழட்டச் சொன்னல்ல. இந்த தபா நாலு நாள் ஒக்காந்து செஞ்சேன். ஒண்ணொண்ணா எட்த்துகினே வந்தேன். எத்த எட்த்தா உனுக்கு ஒரு மாதிரி இருக்காதுன்னு."

அந்த அம்மா என்னைப் பார்த்து, அச்சுக்குக் கொடுக்கலாமா என்றார். கொஞ்சம் இருங்கள் என்றேன். பிறகு அவனிடம் சொல்லிவிட்டேன்.

"பைப்ப நீ மறக்கலடா. நான் பார்த்தேன்."

"எத்த?"

"கார் மேல இருந்தத. பார்த்துட்டுத்தான் டிரைவர கிளம்பச் சொன்னேன். எனக்கு இது வேணாம்னு தோணுச்சு. ஆபீஸ்காரர் முன்னாடி... என்ன போட்டிருப்பியோன்னு பயம்."

அவன் என் பக்கம் திரும்பினான். "கயிறு கட்டி இருந்துச்சே, அத்த பார்த்த?"

"பார்த்தேன்."

"அப்பறம் வரிசைல நான் என்னைய திட்டிகினேனே, அப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"தோள்ல கை போட்ட."

"ஆமா."

அவன் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். கதவின் கண்ணாடி வழியாக அவன் முதுகு தெரிந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசித்தேன், தைரியம் வரவில்லை. அவன் கோபப்பட்டால் எனக்குத் தெரியும், கத்துவான், கெட்ட வார்த்தை வரும், பத்து நிமிடத்தில் டீ வாங்கித் தருவான். இப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த அம்மா எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உள்ளே வந்தான். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "நாற்காலிய உடச் சொல்லணும்" என்றான்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். அவர் எழுந்து இடம் கொடுத்தார். அவன் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஒரு தடவை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். வெள்ளைப் பின்னணி போயிற்று, ஊதாவும் ஆரஞ்சும் கலந்த ஒரு வானம் வந்தது. போனிலிருந்து ஒரு சிங்கம் இறங்கியது. சிங்கத்துக்கு மேல் கிரீடம். என் கண்ணில் கூலிங் கிளாஸ் ஏறியது. அதன் இரண்டு கண்ணாடியிலும் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் தெரிந்தது. என் பெயருக்குப் பின்னால் பி.இ., அதைச் சுற்றித் தீ ஜுவாலை. 'கடல் கடந்த எங்கள் தெருவின் முதல் இன்ஜினியரே' என்று தங்க எழுத்து வளைந்து வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா நாக்கைச் சப்புக்கொட்டி ரசித்தார்.

கீழே 'இவண்' போட்டான். முதலில் தன் முகம், மற்ற எல்லாவற்றையும்விட ஒரு சுற்றுப் பெரிதாக. அடுத்து லேத்துக்காரன். பிறகு மறுபடியும் சுவரைப் பார்த்து, "ஆபீஸ்காரரு போட்டோ வேணும். கண்ணாடி போடாதது செல்லாது" என்றான். நான் கோயம்புத்தூர்க்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் ஹோட்டல் வாசலில் நின்று, கூலிங் கிளாஸோடு, கையைக் கட்டி ஒரு போட்டோ வந்தது. எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

"அப்பா போட்டோ" என்றான் சுவரிடம்.

செக்யூரிட்டி யூனிபாரத்தில் அப்பா நிற்கிற போட்டோ ஒன்று என்னிடம் இருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த வேட்டி சட்டைப் போட்டோவும் இருந்தது. யூனிபாரம் போட்டதையே அனுப்பினேன். அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான், அப்பாவை என் தோளுக்குப் பக்கத்தில், மேலேயே வைத்தான்.

அச்சு வெளியே வர ஆரம்பித்தபோது மற்ற இருவருக்கும் வழி சொல்லி வரச் சொன்னேன். ஆபீஸ்காரர் ஒரு சின்னக் கேக்கோடு வந்தார். நடந்ததை நானே எல்லோர் முன்னாலும் சொன்னேன். லேத்துக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அடப்பாவி. நேத்துலேர்ந்து நான் அவன ஓட்டிகினு கீறேன். கைப்புள்ளன்றேன், பெத்த புள்ளன்றேன். எனுக்கும் சேர்த்து நீயே மன்னிப்பு கேளு."

கேட்டேன். பிளெக்ஸ்காரன் பேனரின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தான், காதில் விழாத மாதிரி. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் என் அருகில் வந்து, "நான் என்னங்க பண்ணிட்டேன்? என்னைப் பார்த்தா கூச்சப்பட்டீங்க? எங்க ஊர்ல என் மச்சினன் கவுன்சிலருக்கு நிக்கறப்ப யானை மேலயே பேனர் வெச்சோமுங்க" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே எங்கும் கட்டினால் அபராதம் போடுவார்கள் என்று கடைக்கார அம்மா சொல்லிவிட்டார். அவருடைய வெட்டுமேசைக்குப் பின்னால் இருந்த சுவரிலேயே பேனரை ஏற்றினோம். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு என்னைக் காட்டி, "மினிஸ்டரா?" என்று கேட்டார்.

"இல்லை, இன்ஜினியர்" என்றேன்.

அதன் கீழே நின்று கேக் வெட்டினேன். அவரே போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறோம், பிளெக்ஸ்காரனும் சிரிக்கிறான், ஆனால் அவன் பார்ப்பது கேமராவைத்தான், என்னை இல்லை. ஆபீஸ் குரூப்பில் அதை நானே போட்டேன். நாற்பது பேர் வாழ்த்தினார்கள், மூன்று பேர் அந்த பிளெக்ஸ் கடை நம்பர் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் என்னிடம் நேராகப் பேசவில்லை. குகைக் கோயில் படி ஏறினோம், கோபுரத்தைப் பார்த்தோம், மழையில் நனைந்தோம். எல்லாம் கோயம்புத்தூர்க்காரர் வழியாகவே நடந்தது. "அவர தண்ணி பாட்டில குடுக்கச் சொல்லுங்க சார்" என்பான். நான் அவருக்கு அந்தப் பக்கம்தான் நிற்பேன். அவரும் சலிக்காமல், "தண்ணி கேக்கறாருங்க" என்று என்னிடம் திரும்பிச் சொல்வார். கிளம்புகிற அன்று மட்டும், "சார், பேனர அவருதான் கையில தூக்கிகினு வரணும். எவன் கேட்டாலும் அவருதான் பதில் சொல்லணும். சொல்லிடுங்க" என்றான்.

தூக்கிக்கொண்டு வந்தேன். பைப் இல்லை, பழைய அட்டைக் குழாய் ஒன்றில் சுற்றி அந்த அம்மா கொடுத்திருந்தார். விமானத்தில் இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். சென்னையில் இறங்கி, பெட்டி எடுத்து, சுங்கப் பரிசோதனையைத் தாண்டும்போது அங்கே நின்ற அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது என்ன ரோல்?"

"பேனர் சார்."

"கட்சிப் பேனரா?"

"பிறந்தநாள் பேனர் சார்."

"யாருக்கு?"

பின்னால் பெரிய வரிசை. பிளெக்ஸ்காரன் எனக்கு இரண்டு ஆள் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்குத்தான் சார்" என்றேன்.

"பிரிங்க பார்க்கலாம்."

எட்டடி பேனரை ஒருவனாகப் பிரிக்க முடியாது. ஒரு முனையைத் தரையில் விட்டு, மறு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அது சரிந்தது. மறுபடி தூக்கினேன். அதிகாரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கப் பார்த்தார். வரிசையில் இருந்த ஒரு அம்மா, "இன்ஜினியரா தம்பி?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். கை வலித்தது. லேத்துக்காரன் ஒரு காலை முன்னால் வைத்தான், பிளெக்ஸ்காரன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவனே வரிசையை விட்டு வெளியே வந்தான். தரையில் கிடந்த முனையைக் குனிந்து எடுத்து, தூசியை உள்ளங்கையால் துடைத்தான்.

"தலைகீழா புடிச்சிகினு கீறடா" என்றான் என்னைப் பார்த்து. "சாரு எப்டி படிப்பாரு? திருப்பு."

திருப்பிப் பிடித்தேன்.